ஆயுத பூசையன்று ரோஸ்மேரி செய்த ஸ்பேனர்

ரோஸ்மேரியின் பட்டறையில் ஒரு ஸ்பேனரைத் தப்பான ஆணியில் மாட்டுவதைவிட ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமலிருப்பது சின்னக் குற்றம். சுவரில் பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஓர் ஆணி, ஆணிக்குக் கீழே அந்த ஸ்பேனரின் உருவத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. எது ஊர்சுற்றப் போயிருக்கிறது என்று வாசலில் நின்றே தெரிந்துவிடும். கரண்டு வேலைக்கு வந்த ஒருவர், அவசரத்துக்கு ஒன்றை எடுத்துவிட்டு இடம் மாற்றி மாட்டிவிட்டார். அவருக்கு அன்று விழுந்த அர்ச்சனையைக் கேட்டு நானே வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் இஷாக். திண்டுக்கல் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்ற ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறேன். ஏற்றும்வரை காத்திருப்பதுதான் என் தொழிலில் பாதி. காத்திருக்கிறவன் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அப்படிப் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரோஸ்மேரிக்கு நாற்பது வயது இருக்கும். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் கத்தரியும் போடுகிற குடும்பம். ஐடிஐயில் மெஷின் வேலை படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் செட்டர். மெஷின் ஓடுவதற்கு முன்னால் அதற்கு வேண்டிய ட்ரில், கட்டர் எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிக் கொடுக்கிற ஆளுக்குச் செட்டர் என்று பெயர். பள்ளிக்கூட வாத்தியார் அமலனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தபின், அண்ணன் ரொனால்டோடு பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து, பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். கம்ப்யூட்டரில் சொன்னபடி வெட்டுகிற மெஷின். அதற்கு அவள் ‘மெஷின்’ என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை. ஆனால் அதை அவள் துடைப்பதைப் பார்த்தால் பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல இருக்கும். மே மாதம் சூசையப்பர் திருநாளுக்குச் சாமியார் வந்து மெஷினுக்குத் தீர்த்தம் தெளிப்பார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ரோஸ்மேரி துணியோடு ஓடிவந்து தீர்த்தத்தைத் துடைத்துவிடுவாள். துரு பிடித்துவிடுமாம்.

இனி ஸ்பேனர் விஷயம். இது தெரியாவிட்டால் அன்று நடந்தது புரியாது. அந்த மெஷினில் ட்ரில்லை நேராகச் செருக முடியாது. ஹோல்டர் என்று ஒரு கூம்பு இரும்பு. அதன் வாயில் கொலெட் என்று ஒரு பிளவுபட்ட வளையம். அதற்கு மேல் ஒரு நட். நட்டை இறுக்கினால் வளையம் சுருங்கி ட்ரில்லைக் கவ்விக்கொள்ளும். அவளிடம் இருப்பது சாதாரண ஆறு பக்க நட் இல்லை. வட்ட நட், விளிம்பைச் சுற்றிச் சதுரச் சதுரமாகப் பள்ளங்கள். அந்தப் பள்ளங்களில் பல் போய் உட்கார்கிற பிறை வடிவ ஸ்பேனர்தான் அதற்கு ஆகும். வேறு எதைப் போட்டுத் திருகினாலும் நட் சிதையும், இல்லையென்றால் கோணலாக இறுகும். கோணலாக இறுகினால் ட்ரில் சுற்றும்போது தலையாட்டும். தலையாட்டினால் துளை பெரிதாகும். துளை பெரிதானால் சாமான் குப்பைக்கு. இதையெல்லாம் அவள் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மற்றவர்களைத் திட்டும்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி, ஆளே தொங்கி இறுக்குவார்கள். அப்படி இறுக்கினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ரோஸ்மேரியின் பட்டறையில் பைப் துண்டு என்பதே கிடையாது.

"நட்ட இறுக்கச் சொன்னா ஏன் ஆளாளுக்கு ஊஞ்சல் ஆடுறீங்க?" என்பாள். "நல்லாத் தொட. கொலெட்ட மொதல்ல நட்டுக்குள்ள மாட்டு, டக்குனு சத்தம் கேக்கணும். கையால முடியிற வரைக்கும் சுத்து. அப்பறம் ஸ்பேனரு. ஒரே இழுப்பு. அம்புட்டுத்தான்."

இப்படி ஒழுங்காகச் செய்தும் பட்டறைக்குப் பெரிய வேலை எதுவும் நிலையாக வரவில்லை. ரொனால்டு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கமிஷன் கடை வைத்திருப்பவன். காலையில் வந்த பூ மத்தியானத்துக்குள் கைமாறிப் பழகியவனுக்கு இரும்பின் வேகம் பொறுக்கவில்லை. "உன் இரும்பு எப்ப ரோசு பூக்கும்?" என்று முதலில் கேலியாகக் கேட்டான். பிறகு கேலி இல்லாமல் கேட்டான். கடைசியில் கரூரில் மெஷினுக்கு ஒரு பார்ட்டியையும் பிடித்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் புனேயிலிருந்து ஒரு கம்பெனி ஆள் கோயம்புத்தூர் வந்தார். நெசவு எந்திரத்துக்கான ஓர் அலுமினியப் பிராக்கெட். வருஷம் முழுக்க ஓடக்கூடிய வேலை. சாம்பிள் சரியாக இருந்தால் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. ஆயுத பூசை அன்று சாயங்காலத்துக்குள் அவர் தங்கியிருக்கும் ஓட்டலில் சாம்பிள் அவர் கைக்குப் போகவேண்டும். மறுநாள் காலை அவர் விமானம் ஏறிவிடுவார்.

ரொனால்டு சொல்லிவிட்டான். "இது கெடச்சா மெஷினு உங்கிட்ட இருக்கட்டும். கெடைக்கலேன்னா பூசைக்கு மறுநாள் கரூர்க்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். அதுக்கு மேல எங்கிட்டப் பேசாத."

பூசைக்கு முதல் நாள் சாயங்காலத்துக்குள் பிராக்கெட்டுகளின் மேல்பக்கமெல்லாம் வெட்டி முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது துளைகள் மட்டும். காலையில் வந்து ஹோல்டரில் இருக்கும் பழைய ட்ரில்லைக் கழற்றிப் புதியதைப் பூட்டித் துளையிட்டு, ரீமர் விட்டுத் துளையை அளவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. மத்தியானம் வண்டியை எடுத்துவிடலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

நான் காலையில் போனபோது அவள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பலகை காலி. வெறும் மஞ்சள் கோடுகள்.

திருடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் வேலுசாமி வந்துவிட்டான். அவள் பட்டறையின் ஒரே வேலையாள். சிறுமலை அடிவாரத்து ஆள். புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம், கையில் பொரி கடலைப் பொட்டலம், முகம் நிறையச் சிரிப்பு.

"ஏலே வேலுசாமி, பலகையில இருந்த சாமானெல்லாம் எங்க?"

"பூசையில இருக்குக்கா," என்றான் பெருமையாக. "பக்கத்துல உடையப்பன் ஐயா கடையில. நேத்து நீங்க கெளம்புனப்பறம் நல்லாக் கழுவித் தொடச்சு நான்தான் கொண்டுபோயி வச்சேன். பேட்ட பூராச் சாமானும் பொட்டு வச்சுக்கிட்டு நிக்குது. நம்ம சாமான் மட்டும் மொட்டையா நிக்கவான்னு மனசு கேக்கலக்கா."

ரோஸ்மேரி கிறிஸ்தவப் பொம்பளை, பூசை போட மாட்டாள். அதனால் அவளுடைய ஸ்பேனர்கள் பூசை இல்லாமல் அனாதையாக நிற்கக் கூடாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனை அடிப்பதா அணைத்துக்கொள்வதா என்று எனக்கே தெரியவில்லை. பூசையில் வைத்த சாமானை அன்று தொடக்கூடாது. மறுநாள் மறுபூசை முடித்துத்தான் எடுக்கவேண்டும். இது வேலுசாமிக்குத் தெரியும். துளை போடும் வேலை பாக்கி என்பதுதான் தெரியாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

மூவரும் உடையப்பன் கடைக்குப் போனோம். பூட்டுக்குத் தகடு அடிக்கும் கடை. பவர் பிரஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கீழே இலை விரித்து சாமான்களை அடுக்கியிருந்தார். முதல் வரிசை முழுக்க ரோஸ்மேரியின் ஸ்பேனர்கள். தன்னுடையதைப் பின்னால் தள்ளிவிட்டு அவளுடையதை முன்னால் வைத்திருக்கிறார் மனுஷன். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

விஷயத்தைக் கேட்டதும் உடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நேரம் பாத்துப் படையல் போட்டாச்சு தாயி. நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எறக்கணும்." பிறகு அவரே சொன்னார். "ஆனா உன் சாமான். உன் பொழப்பு. எடுத்துக்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றவரின் கண் கலங்கியிருந்தது. ரோஸ்மேரி ஒரு நிமிஷம் அந்த இலையைப் பார்த்தாள்.

"வேணாம்யா. இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. "அவரே எடுத்துக்கன்னு சொல்லிட்டாருல்ல? அப்பறம் என்ன? மெஷினு போயிரும்மா!"

"பெரிய வெள்ளிக்கு மூணு மணி வரைக்கும் அவரு பிரஸ்ஸ ஓட்ட மாட்டாருண்ணே. எங்க துக்கத்துல சத்தம் போடக்கூடாதுன்னு அவரா நிறுத்துறாரு. நான் ஒரு நாளும் கேட்டதில்ல." அவ்வளவுதான் சொன்னாள். நான் வண்டியை எடுத்தேன்.

பேட்டை முழுக்கச் சுற்றினோம். அந்த நட்டுக்கு ஆகும் ஸ்பேனர் எத்தனையோ கடையில் இருந்தது. எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு இலையில் இருந்தது. ஊருக்குள் சாமான் விற்கும் கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது, மீதியில் கல்லாவுக்கே மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கை நிறையப் பொரி கொடுத்தார்கள். ஸ்பேனர் ஒருவரும் கொடுக்கவில்லை.

என் வண்டி சீட்டுக்கு அடியில் பைப் ரெஞ்சு ஒன்று கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவள் பார்த்த பார்வையில் அதை அப்படியே சீட்டுக்கடியில் திரும்பப் போட்டுவிட்டேன். பட்டறைக்குத் திரும்பியதும் வேலுசாமி, "சுத்தியலும் உளியும் வச்சு மெல்லத் தட்டிப் பாக்கட்டாக்கா?" என்றான். அவனுக்குப் பார்வைகூடக் கிடைக்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று நான் பயந்தேன். சட்டென்று எழுந்து மெஷின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அண்ணே, நேத்து வெட்டுன கட்டரு இதுலயேதான் இருக்கு!"

"இருந்தா?"

"கட்டரு இருக்கு, வைஸு இருக்கு, மெஷினு ஓடுது. நான் ஏன் ஊரு பூராப் பிச்ச எடுத்தேன்? ஸ்பேனர வெட்டி எடுத்துக்கிறேன்!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மெஷினில் பூட்டிய கட்டர் ஒன்றே ஒன்று. அதை வைத்தே, மற்ற ஹோல்டர்களைத் திறக்கிற ஸ்பேனரை இரும்புத் தகட்டிலிருந்து வெட்டப் போகிறாள். கட்டர் உடைந்தால் இன்னொன்றை மாட்ட முடியாது. மாட்ட வேண்டிய ஸ்பேனர் இலையில் இருக்கிறது. அப்படி உடைந்தால் கதை முடிந்தது.

இழுப்பறையிலிருந்து வெர்னியரை எடுத்து நட்டின் குறுக்களவு, பள்ளத்தின் அகலம், ஆழம் எல்லாம் அளந்தாள். மெஷினின் பட்டன்களைத் தட்டித் தட்டி அந்த அளவுகளை எழுதினாள். மூலையில் கிடந்த தகட்டுத் துண்டை வைஸ் என்கிற இடுக்கியில் பிடித்து ஓடவிட்டாள். கைப்பிடியை ஏன் இவ்வளவு குட்டையாகப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். "நீளமா இருந்தா கை தன்னால அதிகமா இழுக்கும். இந்த நட்டுக்கு இம்புட்டு நீளம் போதும்," என்றாள். அவசரத்திலும் அவளுக்கு அந்தக் கணக்கு.

வெட்டி முடித்துத் தட்டி எடுத்தாள். பார்க்க அசல் ஸ்பேனர். நட்டில் வைத்தாள். உட்காரவில்லை. பல்லின் அடியில் மூலைகள் உருண்டையாக இருந்தன; அந்த உருண்டை நட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு பல்லைப் பள்ளத்துக்குள் இறங்கவிடவில்லை. வட்டமான கட்டர் சதுர மூலையை வெட்டாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"லேசா ஒரு தட்டுத் தட்டுனா எறங்கிரும்க்கா," என்றான் வேலுசாமி.

"தட்டி எறக்குறதுக்கு அது என்ன ஆணியா?" அவளுக்கு அவள்மேலேயே கோபம். "எனக்கு அறிவு வேணாம்? மூலையில கட்டர இன்னுங் கொஞ்சம் உள்ள விட்டு எடுத்திருக்கணும்."

அதற்கு இன்னொரு தகடு வேண்டும். பட்டறையில் அந்தக் கனத்தில் வேறு இல்லை. வேலுசாமி வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது அவனோடு உடையப்பனும் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கனமான இரும்புத் தகட்டோடு. அச்சு செய்து மிஞ்சிய துண்டு.

"இது பூசையில இல்ல தாயி," என்றார். "தாராளமா வெட்டு."

இரண்டாவது முறை கட்டர் சத்தமே மாறியிருந்தது. முதல் தகட்டிலேயே அதன் முனை கொஞ்சம் மழுங்கிவிட்டது போல. வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். நின்றுகொண்டிருந்த எனக்கு நத்தையே தேவலாம் போலிருந்தது. அவள் ஒரு கையைச் மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ரொனால்டு வந்தான். பூசைக் கூட்டத்தில் பூ விற்று முடித்த களைப்பு, சட்டையெல்லாம் மல்லிகை வாசம்.

"கரூர்க்காரன் நாளைக்குக் காலையிலயே வாரேங்குறான் ரோசு. சாம்பிள் அனுப்பிட்டியா?"

அவள் கட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் அவனை ஓரமாக இழுத்து, நடந்ததை எல்லாம் காதில் சொன்னேன். அவன் மெஷின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பாதி முதலாளிதான், ஆனால் இத்தனை நாளில் அந்தக் கண்ணாடி வழியே அவன் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

கட்டர் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போய்த் தின்றுவிட்டு வந்தது. கடைசி மூலையில் ‘கீ’ என்று ஒரு சத்தம். அவள் விரல் பட்டனைத் தொட்டது, அழுத்தவில்லை. கட்டர் வெளியே வந்தது. உடையவில்லை.

ஸ்பேனரைத் தகட்டிலிருந்து உடைத்தெடுத்து, விளிம்புகளை எமரித் துணியில் தேய்த்து, நட்டின்மேல் கொண்டுபோனாள். அழுத்தவில்லை, தட்டவில்லை, வைத்தாள். பற்கள் பள்ளங்களுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. ஒரு கையால் ஹோல்டரைப் பிடித்திருந்த கட்டையை அணைத்துக்கொண்டு, மறு கையால் ஒரே இழுப்பு இழுத்தாள். நட் ‘கிர்’ரென்று கழன்றது.

வேலுசாமி போட்ட சத்தத்தில் பேட்டை நாய்கள் குரைத்தன. உடையப்பன் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை. நான் என் வயசை மறந்து விசிலடித்தேன். ரொனால்டு மட்டும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ரோஸ்மேரிக்குக் கொண்டாட நேரமில்லை. கொலெட்டைத் துடைத்தாள். நட்டுக்குள் மாட்டினாள், டக். ட்ரில்லைச் செருகிக் கையால் சுற்றி, தான் பெற்ற ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பில் நிறுத்தினாள். மெஷினில் ஏற்றி, ட்ரில் பக்கத்தில் கடிகாரம் போன்ற ஒரு கருவியை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினாள். ட்ரில் தலையாட்டினால் அதில் முள் ஆடும். முள் ஆடியதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, அவ்வளவுதான் ஆடியது.

"கடையில வாங்குன ஸ்பேனரு வெக்கப்பட்டுச் சாகட்டும்," என்றாள் ரோஸ்மேரி. அடக்கம் என்பது அவளுக்குக் கொடுக்கப்படவில்லை, நல்லவேளை.

துளைகள் இறங்கின. ரீமர் போய்வந்தது. சாம்பிள்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஒட்டன்சத்திரம் வழியாகக் கோயம்புத்தூருக்கு விட்டேன். பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். புனேக்காரர் கீழே இறங்கி வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனுஷர். பையிலிருந்து ஓர் எஃகுக் குச்சியை எடுத்தார். அதன் ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் சாமான் பாஸ். முதல் முனை தன் கனத்திலேயே மெல்ல உள்ளே இறங்கியது. மறுமுனை வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்த துளை. அடுத்த பிராக்கெட். பெட்டியில் இருந்த ஒன்றையும் விடாமல் பார்த்தார். பிறகு குச்சியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ரோஸ்மேரி தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேலை உனக்குத்தான், அடுத்த வாரம் ஆர்டர் வரும் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே புரிந்தது. எனக்கு அங்கேயே தரையில் விழுந்து சுஜூது செய்யலாம் போலிருந்தது.

வண்டிக்கு வந்ததும் முதல் வேலையாக ரொனால்டுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு வண்டி முன்பக்கம் வைத்தாள்.

"அண்ணே, எடுத்துக்கிட்டாருண்ணே! ஆர்டர் நமக்குத்தான்! அந்தக் கரூர்க்காரன வர வேணாம்னு சொல்லிரு."

"அத மத்தியானமே சொல்லிட்டேன்."

"மத்தியானமேவா? அப்ப இது கெடைக்குமா கெடைக்காதான்னே தெரியாதுல்ல?"

"தெரியாதுதான். நீ அந்த நட்டக் கழட்டுனேல்ல? அப்பவே வெளிய வந்து போன் போட்டு, மெஷினு விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லிட்டேன். சரி, நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து எதற்கும் அழாதவள், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். போனில் ரொனால்டு, "ரோசு, ஏ ரோசு, சாப்ட்டியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இன்னும் இல்லண்ணே," என்றாள்.